உப்பு பார்க்க ஒருத்தி

மார்ச் 3, செவ்வாய்

சாயங்காலம் ஆறு மணிக்கும் அனல். மாசியே முடியவில்லை. காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனால் படி சுடுகிறது.

அம்மா வழக்கம்போல. காலேஜை விட்டாச்சு, டேலி கிளாஸை விட்டாச்சு, ஜவுளிக்கடை வேலையை விட்டாச்சு, இனி எதை விடப் போற. விடுவதற்கு ஏதாவது கையில் இருந்தால்தானே.

அடுத்த வீட்டு கிரேஸ் அத்தை (இனி கி.அத்தை) காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"ஏட்டி இசக்கி, நீ நோன்பு கீன்பு ஏதும் இருக்கியா?"

"நா எதுக்கு இருக்கேன்?"

"அப்ப காலைல அஞ்சு மணிக்கு எங்க கோயிலுக்கு வா. ஒரு வேல இருக்கு."

"என்ன வேல?"

"நாக்கு வேல."

விஷயம் இதுதான். ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம். தினமும் காலையில் இவர்கள் கோயிலில் கஞ்சி காய்ச்சிப் பெரியாஸ்பத்திரி வாசலில் ஊற்றுகிறார்கள். நோயாளிக்கு உள்ளே சாப்பாடு உண்டு, துணைக்கு இருப்பவர்களுக்குக் கிடையாது. அவர்களுக்குத்தான் கஞ்சி. ஆனால் காய்ச்சுகிற எல்லாரும் உபவாசம். மத்தியானம் வரை பச்சைத்தண்ணி பல்லில் படாது. அதனால் உப்பு பார்க்க ஆள் இல்லை, எல்லாம் கண்ணளவு. நேற்று உப்பே இல்லாமல் போயிருக்கிறது. முந்தாநாள் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஆளுக்கொரு கை அள்ளிப் போட்டுவிட்டார்கள். குடித்த ஆள் ஒருத்தர், "திருச்செந்தூர்ல போயி மொண்டுட்டு வந்தியளா" என்று கேட்டாராம்.

வண்டி ஓட்டுபவரைப் பார்க்கச் சொல்லலாம் என்றால் அவர் மேலப்பாளையத்துக்காரர். அவருக்கு ரம்ஜான் நோன்பு. இந்த வருஷம் இரண்டும் சேர்ந்து விழுந்திருக்கிறது.

அடுப்பு இருக்கிறது, அண்டா இருக்கிறது, ஒரு வாய் இல்லை. என் வாயைக் கடன் கேட்கிறார்கள். சரி. ஒரு வாரம் பார்ப்போம். அதற்கு மேல் நான் எங்கே தாங்கினேன்.

மார்ச் 4, புதன்

நாலரை மணிக்கே எழுந்தேன். அம்மா எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கோயிலுக்குப் பின்னால் கல்யாண ஹால். ஹாலுக்குப் பின்னால் சமையல்கட்டு. அங்கே இருக்கிற அண்டாவில் ஒரு ஆள் உட்கார்ந்து குளிக்கலாம்.

ஆட்கள்:

கி.அத்தை. தபால் சேமிப்பு ஏஜெண்ட். பாளையங்கோட்டையில் அவள் ஏறாத வீட்டுப்படி கிடையாது. குரல் ஒரு மைல்.

கோயில்குட்டியார். மணி அடிப்பவர், கோயில் கதவு திறப்பவர், இப்போது அடுப்பு மூட்டுபவர். எல்லாரும் கோயில்குட்டியார் என்றே கூப்பிட்டு அவருடைய பேர் எங்கேயோ தொலைந்துவிட்டது. பேச்சு குறைவு.

காதர் அண்ணன். லோடு ஆட்டோ. பேச்சு குறையாது.

நான். நாக்கு.

கஞ்சியில் பூண்டு, வெந்தயம், சிறுபயறு, கடைசியில் தேங்காய்ப்பால். தொட்டுக்கொள்ளக் காணத் துவையல், கொள்ளு அரைத்தது. கரண்டியில் எடுத்து என்னிடம் நீட்டினார்கள். அவசரத்தில் ஊதாமல் வாயில் விட்டு நாக்கு வெந்தது. மூன்று பேரும் வேலையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்க்கிறார்கள். காலேஜில் ஒரு வாத்தியார்கூட என் பதிலுக்கு இப்படிக் காத்திருந்ததில்லை.

"எப்பிடி?"

"போடணும்."

"எவ்வளவு?"

"எனக்கென்ன தெரியும். கொஞ்சம் போடுங்க, திரும்பப் பாக்கேன்."

மூன்றாம் தடவை சரியாக வந்தது. புறப்படும் முன் கோயில்குட்டியார் அண்டா மேல் கை வைத்து ஜெபம் செய்தார். நீளமாக இருக்கும் என்று ஒரு ஓரமாகச் சாய்ந்து நின்றேன். "ஆறுததுக்குள்ள கொண்டு சேத்துரும் ஆண்டவரே. ஆமென்." அவ்வளவுதான். பிடித்தது.

ஆஸ்பத்திரி வாசல். காதர் அண்ணன் வண்டியைக் கோணலாக நிறுத்தினார். நிறுத்தத் தெரியவில்லையோ என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அப்படி நிறுத்தினால் வரிசையில் நிற்பவர்கள் மேல் வண்டி நிழல் விழுகிறது. அவர் வெயிலில் நின்றார். வாயில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல்.

நான் ஊற்றினேன். "போதுமா, போதுமா" என்று கேட்டுக்கொண்டே. கி.அத்தை கையைப் பிடித்தாள்.

"போதுமான்னு கேக்காத. இன்னும் வேணுமான்னு கேளு. போதுமான்னு கேட்டா கூச்சப்பட்டுப் போதும்னு போயிருவாவ."

ஒருத்தி, முப்பத்தைந்து வயசு இருக்கும், பேச்சியம்மா, சீவலப்பேரி. புருஷன் டிராக்டர் சரிந்து தொடை எலும்பு முறிந்து கிடக்கிறான். கம்பி வைத்திருக்கிறார்கள். சித்திரை வரை இங்கேதான் என்று சொல்லிவிட்டார்களாம். தூக்குச்சட்டி நிறைய வாங்கினாள். பாதியை அங்கேயே நின்று குடித்தாள், மீதியை மூடினாள்.

"அது யாருக்கு?"

"எனக்குத்தான். ராத்திரிக்கு."

அப்புறம் மூடியை மறுபடி திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "இன்னைக்குத்தான் உப்பு இருக்கு. யாரு போட்டது?"

வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 7, சனி

அரிசி வாங்கும் நாள். கி.அத்தையுடன் தெருத் தெருவாக. செருப்பு வார் அறுந்தது. ஊக்கு குத்திச் சமாளித்தேன்.

இவர்கள் பழக்கம் ஒன்று: கைப்பிடி அரிசி. சோறு பொங்க அரிசி எடுக்கும்போது முதல் கைப்பிடியை எடுத்து ஒரு டப்பாவில் போட்டுவிட வேண்டும். கோயிலுக்கு. முதல் கை. பொங்கி, தின்று, மிஞ்சியதைக் கொடுத்தால் அது கணக்கில் சேராது.

ஒரு வீட்டில் ரிட்டயர்டு டீச்சர். இரண்டு பேருக்கும் சர்க்கரை. பிள்ளைகள் அமெரிக்கா.

"நாங்கதான் அரிசியே தொடுததில்லையே. சப்பாத்திதான்."

"அப்ப டப்பால எப்பிடி டீச்சர் அரிசி நெறஞ்சிருக்கு?"

"சப்பாத்திக்கு மாவு பிசையதுக்கு முந்தி ஒரு கை அரிசி போட்டுருவேன். பழகிட்டுல்லா."

அரிசியே சமைக்காத வீட்டில் கைப்பிடி அரிசி. எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை.

சாக்கில் எல்லாம் ஒன்றாகிவிடும். பொன்னி, இட்லி அரிசி, ரேஷன், யாரோ ஒருத்தர் வீட்டு பிரியாணி அரிசி. இதில் சோறு வடிக்க முடியாது. ஒன்று குழையும்போது இன்னொன்று முழித்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் கஞ்சி. எல்லாம் கரையும்வரை கிண்ட வேண்டியதுதான். கோயில்குட்டியார் கிண்டுவதைப் பார்க்கணும், துடுப்புப் போடுவது மாதிரி.

அம்மாவிடம் சொன்னேன். "ம்" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 12, வியாழன்

ஒரு வாரம் தாண்டிவிட்டது. நானே கவனிக்கவில்லை.

காதர் அண்ணனுக்கும் கி.அத்தைக்கும் தினமும் ஒரு சண்டை. இன்றைக்கு:

"எங்க பள்ளிவாசல் நோன்புக் கஞ்சில கறி கெடக்கும் அக்கா. ஒங்க கஞ்சில என்ன கெடக்கு?"

"ஜெபம் கெடக்கு."

"அத வாய்ல போட்டா மெல்ல முடியலியே."

கோயில்குட்டியார் கிண்டிக்கொண்டே, திரும்பாமல்: "பல்லு இருக்கவனுக்குக் கறி. பல்லு போனவனுக்கு ஜெபம். சீக்கிரம் வண்டிய எடும் வே."

அவர் பேசி நான் கேட்ட மிக நீளமான பேச்சு.

இன்றைக்கு மிச்சத்தை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனோம், கொக்கிரகுளம் பாலத்தடியில் படுத்துக்கிடப்பவர்களுக்கு. ஆற்றில் முழங்கால் தண்ணீர். ஒரு கிழவர் கண்ணாடித் துண்டை மணலில் குத்திவைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். சோப்பு நுரையோடு தம்ளரை நீட்டினார். கி.அத்தை, "மொகத்தக் கழுவிட்டு வாரும், காத்திருக்கோம்" என்றாள். காத்திருந்தோம். நிஜமாகவே. அவர் நிதானமாக மீசை ஓரத்தை எல்லாம் சரிபண்ணிவிட்டு வந்தார்.

வரும்போது கேட்டேன். "அத்தை, பசிக்கலியா? இவ்வளவு கஞ்சிய மூஞ்சிக்கு நேர வச்சுக்கிட்டு."

"பசிக்காம என்ன. அதனாலதான் கை தாராளமா ஊத்துது. வயிறு நெறஞ்சவ ஊத்துனா அளந்துதான் ஊத்துவா."

நான் இட்லி தின்றுவிட்டு வருகிறவள். நாளையிலிருந்து ஊற்றி முடித்தபிறகு தின்றால் என்ன. சொல்லிக்கொள்ள வேண்டாம். சும்மா பார்க்க.

மார்ச் 15, ஞாயிறு

மோசமான நாள்.

பொன்னுத்துரை அண்ணாச்சி வந்தார். பாத்திரக்கடைக்காரர். சேகரக் கமிட்டியில், அதாவது கோயில் நிர்வாகத்தில், ஹால் பொறுப்பு அவருடையது. நல்ல மனுஷர்தான். கஞ்சிக்குத் தேங்காய் அவர் தோப்பிலிருந்து.

"கிரேஸம்மா, ஈஸ்டரோட அடுப்ப அணைச்சிருவோமா?"

எனக்கு அப்போதுதான் தெரியும். லெந்து காலத்தில் இவர்கள் கல்யாணம் வைப்பதில்லை. ஹால் சும்மா கிடக்கிறது, அதனால்தான் சமையல்கட்டும் அண்டாவும் கஞ்சிக்கு. ஈஸ்டர் முடிந்ததும் காத்திருந்த கல்யாணம் எல்லாம் வரிசையாக. ஹால் கிடைக்காது, அடுப்பு கிடைக்காது.

"பேச்சியம்மா புருஷனுக்குச் சித்திரை வரைக்கும் ஆகுமாமே" என்றேன்.

"யாரும்மா பேச்சியம்மா?"

"எலும்பு முறிவு வார்டு."

அண்ணாச்சி பாவமாகப் பார்த்தார். "எனக்கு மட்டும் ஆசையா? கல்யாணக்காரங்க துட்டுக் கட்டி எடுக்குதாவ. அவங்க அடுப்புல நாம எப்பிடி."

கி.அத்தை துவையல் உரலைத் துடைத்துக்கொண்டே: "அண்ணாச்சி, கல்யாணத்துக்கு அடுப்பு மூட்டுனதும் மொத அண்டா கஞ்சிக்கு. அது எறங்குன பெறவு கல்யாணச் சமையல். கைப்பிடி அரிசி மாதிரிதான், மொத கை. இப்பிடி ஒத்துக்கிட்டா?"

"கல்யாணக்காரங்க ஒத்துக்கிட்டா எனக்கு ஆட்சேபணையே இல்ல. ஆனா மொதக் கல்யாணம் ஒத்துக்கிடணும். மொத வீடு ஒத்துக்கிட்டா அடுத்த வீட்டுக்கு மாட்டேங்க வாய் வராது. மொத வீடே மாட்டேன்னுட்டா யாருட்டயும் கேக்க முடியாது."

"மொதக் கல்யாணம் யாரு வீட்டுல?" என்று நான் கேட்டேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"எங்க வீட்டுலதான்ட்டி" என்றாள் கி.அத்தை. மகன் சாம் கத்தாரில் இருக்கிறான். ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை கல்யாணம். லீவு அப்போதுதான் கிடைத்ததாம்.

"அப்ப சுலபம்லா" என்றேன். அண்ணாச்சி சிரித்தார். "பாப்பா, கல்யாணத்துல சம்பந்தின்னு ஒரு ஆள் உண்டு."

மார்ச் 21, சனி

ரம்ஜான். காதர் அண்ணனுக்கு இன்று லீவு என்று நினைத்தோம். தொழுகை முடித்துப் புதுச்சட்டையோடு வந்து நிற்கிறார்.

"தொழுதுட்டு வந்துட்டேன். கஞ்சி ஆறிரும்லா."

கி.அத்தை கரண்டியை அவரிடம் நீட்டினாள். "நோன்பு முடிஞ்சிட்டுல்லா, நீரு பாரும் உப்பு."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அது இசக்கி வேல. நா கை வைக்கமாட்டேன்."

முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டேன். வெந்தயம் கசப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

வீட்டில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். உள்ளே கால்வாசி ரேஷன் அரிசி. அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் எடுத்துவிடுவாள்.

மார்ச் 27, வெள்ளி

என் வாயைத் தைக்கணும்.

சம்பந்தியம்மா நாசரேத்திலிருந்து ஹாலைப் பார்க்க வந்தாள். கூட அவள் தம்பி. பட்டுச்சேலை, கைப்பை, எல்லாவற்றையும் விரலால் தொட்டுத் தூசி பார்க்கிற பழக்கம். நாங்கள் அண்டா கழுவிக்கொண்டிருந்தோம். கி.அத்தை ஈரக்கையோடு ஓடினாள். நாற்காலி போட்டு உட்கார வைத்து, பையச் சொன்னாள். முதல் அண்டா, ஒரு மணி நேரம், பிறகு உங்கள் சமையல்.

"கஞ்சியா?"

"ஆமா சம்பந்தி."

"கல்யாண அடுப்புல மொதல்ல ஏத்துதது கஞ்சியா? கஞ்சி சீக்காளிக்கு ஊத்துதது. இல்லன்னா சாவு வீட்டுக்குக் கொண்டு குடுக்குதது. எம் மவ கல்யாணத்துல அது எதுக்கு?"

கி.அத்தை ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். மகனுடைய மாமியார் ஆகப்போகிறவளிடம் என்ன பேச முடியும்.

"மட்டன் பிரியாணி சொல்லிருக்கோம் அத்தன பேருக்கு. நாளைக்கு ஊர்ல பிரியாணி போட்ட கல்யாணம்னு சொல்லுவாவளா, கஞ்சி ஊத்துன கல்யாணம்னு சொல்லுவாவளா?"

நான் சொன்னேன். யாரும் கேட்காமல். "அப்ப ஆஸ்பத்திரி வாசல்லயும் பிரியாணியே ஊத்திருங்க. நல்லாச் சொல்லுவாவ."

சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பினாள்.

"இது யாரு?"

"பக்கத்து வீட்டுப் பிள்ள" என்றாள் அத்தை. "உப்பு பாக்க வருவா."

"வாய்லயே கூடத்தான் கெடக்கு உப்பு."

எழுந்தாள். காப்பி வந்துகொண்டிருந்தது. குடிக்கவில்லை. தம்பி மட்டும் தம்ளரைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனார்.

சம்பந்தி காப்பி குடிக்காமல் போனாள். என்னால்.

மார்ச் 29, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. சின்னப் பிள்ளைகள் ஓலையைச் சிலுவையாக மடித்துக்கொண்டு தெருவில் பாடிக்கொண்டு போனார்கள். ஒரு பயல் பின்னாலிருந்து இன்னொருத்தன் காதில் ஓலையை விட்டுக்கொண்டே பாடினான்.

கி.அத்தை இன்னும் என்னைத் திட்டவில்லை. திட்டினால் நன்றாக இருக்கும். இன்று காலையில் நானே சொன்னேன். "அத்தை, நா நின்னுருதேன். எனக்கு வாய் சரியில்ல."

"நிக்கதுன்னா நில்லு. எதுக்கெடுத்தாலும் நிக்கது ஒனக்கு நல்லா வரும்லா." கரண்டியை நீட்டினாள். "இத முடிச்சிட்டு நில்லு."

உப்பு சரியாக இருந்தது. அதனால் நிற்க முடியவில்லை.

மத்தியானம் சாம் கத்தாரிலிருந்து போன் பண்ணினான். கி.அத்தை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா, அவங்க வீட்டுல மொகம் சுளிக்காவ. ஒரு நாள் கஞ்சி இல்லன்னா என்ன ஆயிரும்?"

"ஒரு நாள் இல்லலே. மொத நாள்."

"அதுக்காக?"

"அதுக்காக ஒன் கல்யாணத்த நிறுத்துவேன்னு சொல்லலியே. அவங்க மாட்டேன்னா மாட்டேன்தான். நா கேட்டாச்சு, அவங்க சொல்லியாச்சு. நீ வரும்போது எனக்கு ஒண்ணும் வாங்கியாராத."

வைத்துவிட்டு, உரித்த பூண்டைத் தோலோடு கலந்துவிட்டாள். மறுபடி பொறுக்கினோம்.

எனக்குப் புரியாத ஒன்று: இவள் தோற்கப்போகிறாள், தெரிகிறது. நாளைக்கும் நாலரைக்கு எழுவாள்.

ஏப்ரல் 1, புதன்

பேச்சியம்மா கேட்டாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஈஸ்டருக்குப் பெறவு வரமாட்டியளாமே?"

"யாரு சொன்னா?"

"வரிசையில பேசிக்கிட்டாவ. இல்ல, தெரிஞ்சா ஊருக்குச் சொல்லிவிட்டு அவல் கிவல் இடிச்சு வாங்கி வச்சுக்கிடலாம்னு கேட்டேன்."

"இன்னும் வேணுமா?" என்று மட்டும் கேட்டேன். வாங்கிக்கொண்டாள்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனை. பன்னிரண்டிலிருந்து மூன்று வரை. எல்லாரும் வெள்ளை. மின்விசிறி இருந்தும் இல்லாத மாதிரி.

அது முடிந்ததும் கோயிலுக்கு வந்த அத்தனை பேருக்கும் கஞ்சி. நாள் முழுக்க உபவாசம் இருந்துவிட்டு அதைத்தான் குடிப்பார்கள், பரம்பரையாக. இன்றைக்கு இரண்டு அண்டா. காதர் அண்ணனை விட்டால் உபவாசம் இல்லாத ஒரே வாய் நான்தான், மொத்தக் கோயிலுக்கும் நான் உப்பு பார்த்தேன். வெளியே பணக்காரர், பென்ஷன்காரர், ரிக்‌ஷாக்காரர் எல்லாரும் ஒரே தம்ளர். பொன்னுத்துரை அண்ணாச்சி மூன்று தடவை வாங்கினார்.

அவரிடம் கேட்டேன், வாய் சும்மா இராமல். "அண்ணாச்சி, நாசரேத்துலயும் இன்னைக்குக் கஞ்சிதானா?"

"எங்க ஆட்கள் இருக்க எல்லாக் கோயில்லயும் இன்னைக்குக் கஞ்சிதான்."

"அப்ப சம்பந்தியம்மாவும் குடிச்சிருப்பாவ."

"குடிச்சிருப்பாவ."

அண்ணாச்சி தம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்ல பிள்ளதான் நீ. வாய்தான்."

ஏப்ரல் 4, சனி

மத்தியானம் கி.அத்தை போனை என் பக்கமாகத் திருப்பினாள். ஸ்பீக்கர்.

"அந்த வாயாடிப் பிள்ள அங்கன நிக்காளா?" நாசரேத் குரல்.

"நிக்கா சம்பந்தி."

"அவட்ட சொல்லுங்க. ஆஸ்பத்திரி முழுக்க பிரியாணி போட எங்களுக்குத் தோது கெடையாது."

கி.அத்தை கண்ணை மூடிக்கொண்டாள்.

"நேத்து கோயில்ல நாங்களும் கஞ்சிதான குடிச்சோம், கஞ்சி போகட்டும். ஆனா எம் மவ கல்யாணத்துல இருந்து வெறுங்கஞ்சி போகப்பிடாது. நாளைக்கு ஊர்ல ஒரு சொல்லு வரும். கூட ஆளுக்கு ஒரு லட்டு. நாங்க குடுத்துவிடுதோம். துவையல் என்ன துவையல்?"

"காணத் துவையல்."

"தேங்கா அரைங்க. கல்யாணம்லா."

கி.அத்தை சரி சரி என்று தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறாள், போனில் தலை தெரியும் என்பது மாதிரி.

"பெறவு, பொண்ணு பேரும் மாப்பிள பேரும் சொல்லிக் குடுக்கணும். யாரு வீட்டுக் கல்யாணம்னு தெரியணும்லா."

"கட்டாயம் சம்பந்தி."

வைத்ததும் நான் ஆடினேன். காதர் அண்ணன், "பாத்தியா, பெருமைக்குன்னாலும் லட்டு லட்டுதான்" என்றார். கோயில்குட்டியார் எழுந்து போனார். கோயில் மணி ஒரே ஒரு அடி கேட்டது. நேரமில்லாத நேரத்தில். திரும்பி வந்து, "கயறு நல்லா இருக்கான்னு பாத்தேன். விடிஞ்சா ஈஸ்டர்" என்றார்.

அம்மாவிடம் ஓடிவந்து சொன்னேன். "லட்டா?" என்றாள். பிறகு: "அந்தப் பாட்டில் நெறஞ்சிட்டு. எடுத்துட்டுப் போ."

ஏப்ரல் 8, புதன்

கல்யாணம். கிழக்கு வெளுக்கும் முன் ஹாலுக்குப் போய்விட்டேன். முந்தின நாள் பெய்த கோடை மழையில் பந்தல் சொட்டிக்கொண்டிருந்தது.

சமையலுக்கு வந்த தவசிப்பிள்ளை எரிச்சலில். "இருவது வருசமா கல்யாணத்துக்குப் பொங்குதேன். மொத அடுப்புல கஞ்சி ஏத்துதது இதான் மொத தடவ. என்ன சம்பிரதாயம் வே இது?"

"இன்னைல இருந்து சம்பிரதாயம்" என்றார் கோயில்குட்டியார்.

கல்யாண அரிசி மூட்டையைப் பிரித்தார்கள். சீரகச் சம்பா. கி.அத்தை பட்டுச்சேலையில், தலையில் பூவோடு, மாப்பிள்ளைக்கு அம்மா. முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்து முதல் கைப்பிடி எடுத்து எங்கள் சாக்கரிசியோடு போட்டாள். பொன்னி, இட்லி, ரேஷன், டீச்சர் வீட்டு அரிசி, எங்கள் அம்மாவின் ஹார்லிக்ஸ் பாட்டில். அதன் மேல் சீரகச் சம்பா.

அண்டா கொதித்தது. தவசிப்பிள்ளை கரண்டியில் கஞ்சியை எடுத்து ஊதி வாய்க்குக் கொண்டுபோனார். அவர் தொழில் அது. லெந்து முடிந்தாயிற்று, நோன்பும் முடிந்தாயிற்று, இப்போது அங்கே நின்ற யாரும் ருசி பார்க்கலாம்.

"தவசிப்பிள்ள, இரும்" என்றாள் கி.அத்தை. "ஏட்டி இசக்கி, எங்க நிக்க? வந்து உப்பு பாரு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கொடுத்தார். ஊதினேன். குடித்தேன்.

"சரியா இருக்கு."

தேங்காய்த் துவையல். லட்டு மூன்று பெரிய தாம்பாளம். நாசரேத் அம்மா வண்டிவரை வந்தாள். லட்டு அளவு சிறிதாகிவிட்டதோ என்று ஒன்றை எடுத்துப் பார்த்துத் திருப்பி வைத்தாள். என்னைப் பார்த்தாள். "ஏளா, பேரு சொல்லிக் குடு. மறந்துராத."

"மறக்கமாட்டேன்."

"துவையல்ல புளி பத்தாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பார்த்தேன். உண்மைதான். கொஞ்சம் கரைத்து ஊற்றினோம்.

ஜெபம். "ஆறுததுக்குள்ள கொண்டு சேத்துரும் ஆண்டவரே." காதர் அண்ணன் முதல் தடவையாக ஆமென் என்றார், அவசரத்தில்.

வாசலில் வரிசை. பொண்ணு பேர், மாப்பிள்ளை பேர் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. குடித்தவர்கள், "நல்லாருக்கட்டும், நல்லாருக்கட்டும்" என்றார்கள். இவ்வளவு வாழ்த்து ஹாலுக்குள்ளே கிடைத்திருக்காது. அண்ணாச்சி போன் பண்ணினார். வெள்ளிக்கிழமைக் கல்யாண வீட்டுக்காரர்கள் கேட்டார்களாம், அவங்க லட்டுதான குடுத்தாவ, நாங்க ஜாங்கிரி குடுக்கலாமா என்று.

பேச்சியம்மா லட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். புருஷனுக்கு. நான் இன்னொன்று வைத்தேன். இதை இங்கேயே தின்னணும் என்று சொல்லி, தின்னும்வரை நின்றேன்.

வாயில் லட்டோடு கேட்டாள். "அப்ப நாளைக்கும் வருவியளா?"

"வருவாவ."

"நீ?"

"நா வராம உப்பு யாரு பாப்பா?"